உறவு: ஒரே ஊர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவாகக் கடைக்கு வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்று முன்னால், எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பாஸ்போர்ட், விசா என்று வெள்ளைக்காரர்கள் வருவார்கள். பட்டா, ஆதார் என்று நம் ஆட்கள் வருவார்கள். மத்தியானத்தில் கூட்டம் குறைந்ததும் கதை எழுதுவேன். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. அந்த இரண்டையும் வாங்கிப் படித்தவர்கள் அத்தனை பேரையும் என் கடைக்குள்ளேயே உட்கார வைத்துவிடலாம். கடை பத்துக்கு எட்டு.

போன வருஷம் ஒரு நாள், அடி அண்ணாமலையிலிருந்து அருணகிரி என்ற பெரியவர் ஓய்வூதியத் தாள்களை நகல் எடுக்க வந்தார். எழுபத்து மூன்று வயது. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். மெஷினில் தாள் சிக்கிக்கொண்டது. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மேஜையில் கிடந்த என் புத்தகத்தைப் புரட்டி, பின்னட்டையில் இருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கதை எழுதுற ரேணுகாம்பாள் நீங்கதானா?”

“ஆமாங்கய்யா.”

“நெசமா நடந்ததா, கற்பனையா?”

“ரெண்டும் கலந்துதான் எழுதுவேன்.”

“கலந்தா வேணாம்” என்று சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. நானா அவரிடம் கதை விற்கப் போனேன்? அடுத்த வாரம் அவரே திரும்பி வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கலந்தே எழுதுங்க, பரவால்ல. ஒரே ஒருத்தர் படிக்கணும். அவரு படிச்சாப் போதும்.”

“மத்தவங்க?”

“மத்தவங்களும் படிக்கட்டும். ஆனா அவரு யாருன்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது. அவருக்கு மட்டும் தெரியணும்.”

இருபது வருஷமாக ஏறக்குறைய ஒரே ஒரு வாசகருக்காகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் அந்த நிபந்தனை எனக்குப் பெரிய கஷ்டமாகத் தோன்றவில்லை. எவ்வளவு கஷ்டம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

2

முதல் வரி அமையவில்லை. கிழித்துப் போட்டவற்றை இங்கேயே விட்டுவைக்கிறேன்.

“நூற்றெழுபது ஆண்டுகளாக மனிதர்களை விழுங்கிவந்த அந்தப் பெருஞ்சிறையின் இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. அப்போது—”

அருணகிரி குறுக்கிட்டார். “கிறீச்சுன்னு சத்தம் வந்தா மெமோ குடுப்பாங்கம்மா. மாசம் ஒரு தபா எண்ணெய் வுடுவோம். என் கதவு சத்தமே போடாது.”

அவர் முப்பத்திரண்டு வருஷம் ஜெயில் வார்டராக இருந்தவர் என்பதை அன்றுதான் சொன்னார்.

“உயரத்தில் இருந்த ஜன்னல் கம்பிகளின் வழியே நிலவொளி அவன் முகத்தில்—”

“எந்த நிலாங்க? அந்த ஜன்னல்ல எட்டிப் பார்த்தா எதிர் பிளாக்கு சுவருதான் தெரியும். நிலா பார்க்கணும்னா நைட் டூட்டி வார்டராத்தான் பொறக்கணும்.”

“களியைத் தட்டில் வைத்து—”

“களி நின்னு எத்தினி வருசம் ஆச்சு!”

இப்படி ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எந்த எழுத்தாளர்தான் உருப்பட முடியும்? என் பேனாவை மூடி மேஜையில் வைத்தேன். அவர் அதை எடுத்துத் திறந்து என் கையில் கொடுத்தார்.

3

ஜெயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊர் பெயர் கேட்காதீர்கள். இங்கிருந்து பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில், நாற்றமெடுத்த ஒரு கால்வாய்க் கரையில் கட்டினார்கள். கட்டிய செங்கற்களில் பாதியைக் கைதிகளே அறுத்தார்களாம். எண்ணூறு பேருக்கென்று கட்டிய இடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் அடைத்து வைத்திருந்தார்கள். ஆறு பிளாக்குகள், ஒரு தறிக் கொட்டகை, ஒரு அச்சகம், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு பள்ளிக்கூடம். சுதந்திரப் போராட்டத்துக்காக உள்ளே போனவர்கள் உண்டு. சுதந்திரம் வந்த பிறகு அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு போனவர்களும் உண்டு. பேண்டு வாத்தியக் குழுகூட இருந்தது. கிளாரினெட் வாசித்தவர் விடுதலையானதும் குழுவே கலைந்துவிட்டதாம். அதிகாரிகளுக்கு அதில் ரொம்ப வருத்தம்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: இந்த விவரமெல்லாம் அருணகிரி சொன்னது. வரலாற்றுப் புத்தகம் எதிலும் நான் சரிபார்க்கவில்லை. ஜெயிலே கற்பனை என்று நீங்கள் வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது நமக்கு வசதிதான்.)

எனக்கு அந்த இடத்தின் மேல் வெறுப்பு வரவேண்டும் என்று விரும்பினேன். ஜெயில் கதைக்கு அதுதானே வழக்கம்? இவர் பேசப் பேச வெறுப்பு வரமாட்டேன் என்றது. மருமகன் மாமியார் வீட்டைக் குறை சொல்வதைப் போலத்தான் அவர் ஜெயிலைக் குறை சொன்னார். குறை சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடுகிறது.

“நல்ல இடம்ங்க” என்றார் ஒரு முறை. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். “நல்ல இடம்னு எழுதிடாதீங்க. உள்ள இருந்தவன் படிச்சா காறித் துப்புவான். பழகுன இடம்னு எழுதுங்க.”

பழகின இடம். எழுதிவிட்டேன்.

பதினைந்து, பதினாறு வருஷங்களுக்கு முன்னால் ஜெயிலை மூடினார்கள். ஊருக்கு வெளியே புதிதாக ஒன்றைக் கட்டி, மூன்று நாள் வேன் வேனாகக் கைதிகளைக் கொண்டுபோனார்கள். தினமும் சாயங்காலம் எல்லாரையும் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து எண்ணி, அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுவது அங்கே வழக்கம். கடைசி நாள் சாயங்காலம் எண்ணுவதற்கு யாருமில்லை. ஆனாலும் பதிவேட்டை நிரப்பியாக வேண்டுமே! பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது அருணகிரிதான். அந்த மாதக் கடைசியில் அவருக்கும் ஓய்வு.

இடிப்பதற்கு முன்னால் ஐந்து நாள் பொதுமக்களைப் பார்க்க விட்டார்கள். கூட்டமான கூட்டம். பெரிய கதவில் ஒரு குட்டிக் கதவு உண்டு. குனிந்து, வலது காலைத் தூக்கி வைத்துத்தான் நுழைய வேண்டும். வந்தவர்கள் அநேகமாக எல்லாரும் தலையை இடித்துக்கொண்டார்கள். குழந்தைகள் சிரித்தன. ஓய்வுக்கு முன் கடைசி டூட்டியாகக் கதவுப் பக்கம் நின்றிருந்த அருணகிரிக்கு அந்த ஐந்து நாளும் ஒரே ஒரு வேலை: தலை இடிக்காதவர்களைக் கவனிப்பது.

“அவங்க பார்க்கக்கூட மாட்டாங்கம்மா. தல தானா தாழும், காலு தானா ஏறும். பொண்டாட்டி புள்ளையோட வந்தவங்களும் இருந்தாங்க. நான் வேற பக்கம் திரும்பிக்குவேன்.”

அதுதான் வார்டர்களுக்குள் எழுதாத சட்டம். வெளியில் பழைய கைதியைப் பார்த்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவனாக வந்து பேசினால் பேசலாம். அவன் பேசாவிட்டால் இருவரும் அந்நியர்கள். எதிரில் பெண் வீட்டாரோ, முதலாளியோ நின்றுகொண்டிருக்கலாம். ஒரு வணக்கத்தில் ஒருவன் வாழ்க்கை போய்விடும். முப்பத்திரண்டு வருஷத்தில் அருணகிரி அந்தச் சட்டத்தை ஒரு தடவைகூட மீறவில்லை.

அந்த ஐந்து நாளில் நான்காவது நாள், தலை இடிக்காமல் நுழைந்தவர்களில் ஒருவர் தனியாக வந்திருந்தார். அவருக்குப் பரசுராமன் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

4

பரசுராமனுக்கு இப்போது அறுபது வயது இருக்கும். கிரிவலப் பாதையில் சுக்குக் காபியும் மசால் வடையும் விற்கிறார். மனைவி மணியம்மாள் வடை தட்டுகிறார். மகள் ஓவியா வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கணவரின் பழைய கதை மணியம்மாளுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது.

(பெயர், வயது, மலையின் எந்தப் பக்கம், என்ன விற்கிறார் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். தாளில் மடித்துக் கொடுக்கும் ஏதோ ஒரு பண்டம் என்பது மட்டும் நிஜம். பாதை பதினான்கு கிலோமீட்டர். கடைகளுக்குக் கணக்கே இல்லை. துப்பறியக் கிளம்பிவிடாதீர்கள், கால்தான் வலிக்கும்.)

ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊரான அடி அண்ணாமலைக்கே வந்துவிட்ட அருணகிரி, ஒரு பௌர்ணமியன்று மலை சுற்றும்போது அந்தக் கடையைக் கண்டார். காபி வாங்கினார், குடித்தார், போனார். அன்று முதல் பன்னிரண்டு வருஷமாக, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அதே கடையில்தான் காபி. பரசுராமன் ஒரு நாளும் தெரிந்ததாகக் காட்டவில்லை. இவரும் காட்டவில்லை.

“அவருக்கு ஒங்கள அடையாளம் தெரியலையோ என்னமோ?”

“ஏழு வருசம் என் பிளாக்குல தெனம் சாயங்காலம் எண்ணியிருக்கேன் அவர. தெரியாம இருக்குமா?”

5

ஒரு பாத்திரத்தைச் சந்தேகப்படுவது எழுத்தாளரின் கடமை. நான் பரசுராமனைச் சந்தேகப்பட்டேன். கொலைக் குற்றவாளி நல்ல காபி போடுகிறார் என்பதற்காக அவர் மேல் எனக்குப் பிரியம் வரலாமா?

செய்தது இதுதான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அண்ணன், தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. யார் முறைக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுவது என்பதில் தகராறு. கரண்டு வந்த நேரம் அண்ணன் முறையா தம்பி முறையா என்ற பேச்சு முற்றி, தம்பி மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் ஒரு அடி அடித்தான். ஒரே அடி. அண்ணன் வாய்க்காலிலேயே விழுந்து இறந்துபோனான். தம்பிக்கு இருபத்தேழு வயது. ஆயுள் தண்டனை.

அவர்களுடைய அம்மாவுக்கு ஆராயி என்று பெயர் வைக்கிறேன். ஒரு பிள்ளையைச் சுடுகாட்டுக்கும் இன்னொரு பிள்ளையை ஜெயிலுக்கும் அனுப்பிய ஆராயி, தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வாசலில் ஊரே கேட்கச் சொன்னார்: “இனிமே இவன் மூஞ்சில முழிக்க மாட்டேன். இது சத்தியம்.”

அதற்கப்புறம் அவர் வரவில்லை. முதல் வருஷம் வரவில்லை, இரண்டாம் வருஷம் வரவில்லை. மாமா ஒருவர் மட்டும் எப்போதாவது வந்து பார்ப்பார். பரசுராமன் தறிக் கொட்டகையில் வேலை கற்றுக்கொண்டார். ஜெயில் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு பிளாக்கில் எல்லாருக்கும் பேப்பர் படித்துச் சொல்பவர் அவர்தான். விளம்பரத்தைக்கூட விடமாட்டாராம்.

இதில் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. மறைக்க முடியவில்லை.

6

இந்தப் பகுதியை ஏழு முறை எழுதிப் பார்த்தேன். அழகாக எழுதிய ஆறையும் அருணகிரி வேண்டாம் என்றார். அவர் சொன்னபடியே எழுதிய ஏழாவது இது.

ஜெயில் மொழியில் கைதியைப் பார்க்க வருவதற்கு ‘மனு’ என்று பெயர். வெளியில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். கைதி பெயர், வந்தவர் பெயர், உறவு என்று மூன்று கட்டம். எழுதத் தெரியாதவர்களுக்கு வார்டரே கேட்டுக் கேட்டு எழுதுவார். தண்டனைக் கைதியை ரத்த சொந்தம் மட்டுமே பார்க்கலாம் என்பது அன்றைக்கு அங்கிருந்த விதி.

நான்காவது வருஷம், தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் தனியாக வந்தார். கையில் ஒரு துணிப் பை.

“யாரப் பார்க்கணும்?”

சொன்னார்.

“ஒம் பேரு?”

“ஆராயி.”

“உறவு?”

அந்த அம்மாள் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டார். அருணகிரி மறுபடியும் கேட்டார். பின்னால் வரிசை நின்றது. அன்றைக்கென்று மேலதிகாரி சோதனைக்கு வருவதாக இருந்தது.

“உறவு இன்னான்னு கேக்குறேன்ல?”

“ஒரே ஊருதாங்க” என்றார் அந்த அம்மாள்.

அருணகிரி என்னிடம் இதைச் சொல்லும்போது ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுகொண்டார். “எனக்குத் தெரியும்மா. அந்தக் காது, அந்தத் தாடை. அச்சா அவன் மூஞ்சி. அம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உள்ள வுட்டிருப்பேன். அவங்களுக்கு அந்த வார்த்த வாயில வரல. சத்தியம் பண்ணாங்களே, அது புடிச்சிக்கினு இருந்துச்சு. நீ அம்மாதானேன்னு நான் கேட்டிருக்கலாம். கேக்கல. எழுதுறேன்: உறவு, ஒரே ஊர். எழுதிட்டு, ரத்த சொந்தமா இல்லாங்காட்டி மனு கெடையாது, அடுத்த வாரம் சொந்தக்காரங்க யாரயாச்சும் அனுப்புன்னு சொல்லிட்டு, சீட்டக் கிழிச்சிட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“பைய நீட்டுனாங்க. வெளிச் சாப்பாடு உள்ள போவாதும்மான்னேன். அப்ப நீ துன்னுப்பான்னு மேஜ மேல வெச்சிட்டுப் போயிட்டாங்க. அவிச்ச மல்லாட்ட. இன்னும் லேசா சூடு இருந்துச்சு, துணி சுத்தி எடுத்தாந்திருக்காங்க.”

வெளியூர்க்காரர்களுக்கு: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.

“நான் தின்னுட்டேம்மா” என்றார் அருணகிரி. “மத்தியானத்துக்குள்ள அவ்ளோத்தையும் தின்னுட்டேன். உப்பு கம்மி. நல்லா இருந்துச்சு.”

7

ஏழு மாதம் கழித்து ஜெயிலுக்குத் தந்தி வந்தது. ஆராயி காலமானார்.

போலீஸ் காவலோடு ஒரு நாள் போய்வர அனுமதி கிடைத்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தறிக் கொட்டகைக்குப் போனது அருணகிரி. பரசுராமன் தறியை நிறுத்தவில்லை. “நாலு வருசமா என்னப் பார்க்க வராதவங்களுக்கு நான் எதுக்குப் போவணும்?” என்றார். அப்படி ஒரு பதில் வந்தால், ‘செல்ல விருப்பமில்லை’ என்று எழுதிக் கைதியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அருணகிரி எழுதினார். பரசுராமன் கையெழுத்துப் போட்டார். தறி மறுபடியும் ஓடியது.

ஆராயி வீட்டில் ‘காஞ்சிபுரம் கோயிலுக்குப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் ஜெயிலுக்கு வந்திருக்கிறார். அடுத்த மனுவுக்கு வந்த மாமாவிடம் பேச்சுக் கொடுத்து அருணகிரி தெரிந்துகொண்டது இது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவர் வந்தார் என்பது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் கையில் தாளோடு தறிக்குப் பக்கத்தில் நின்றார். நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் கத்திவிட்டேன். கடையில் நின்றிருந்த வெள்ளைக்காரப் பெண் பயந்துபோய்ப் பாஸ்போர்ட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு கொள்ளி வைக்கப் போயிருப்பாரே!”

“சொன்னா, திருப்பி அனுப்புனது நான்தான்னு தெரிஞ்சிடும். அவன் அடிக்க மாட்டான், திட்ட மாட்டான். நிமிந்து பார்ப்பான். அதுக்குப் பயந்துட்டேன்.”

ஜெயிலுக்குள் நடந்ததைச் சொல்லும்போது பரசுராமனை ‘அவன்’ என்கிறார். காபிக் கடையைப் பற்றிப் பேசும்போது ‘அவரு’ என்கிறார். அவருக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு என்னால் அவரைத் திட்ட முடியவில்லை.

“இப்பப் போய்ச் சொல்லிடுங்களேன்.”

“அவருதாம்மா மொதல்ல பேசணும்.”

“பன்னெண்டு வருஷமா அவரு பேசலையே!”

“அதான் ஒங்ககிட்ட வந்தேன்.”

8

அவருக்கு முடியாவிட்டால் எனக்கு என்ன? நான் வார்டர் இல்லை. எனக்கு எந்தச் சட்டமும் இல்லை. போன மாதப் பௌர்ணமியன்று, மத்தியான வெயில் தாழ்ந்ததும், கடையைச் சாத்திவிட்டு அருணகிரியோடு நடந்தேன். நானே சொல்லிவிடுவதென்று தீர்மானம்.

கடையில் பத்துப் பதினைந்து பேர். பரசுராமன் ஒல்லியான, உயரமான மனிதர். நிறைய நரைத்த தலை. அவர் காதைப் பார்த்தேன். தாடையைப் பார்த்தேன். அருணகிரிக்குக் காபி கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

“சாமி, வட வேணுமா? சூடா இருக்கு.”

“குடுங்க” என்றேன். ‘அண்ணே, ஒங்ககிட்ட ஒரு விஷயம்’ என்று தொடங்க வேண்டும். ‘அண்ணே’ வரைக்கும் வந்தது.

“சொல்லும்மா” என்றார் அவர்.

மணியம்மாள் வாணலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் பெஞ்சில் யாரோ ஒரு குடும்பம். பௌர்ணமிக்காக வேலூரிலிருந்து வந்திருந்த ஓவியா சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“காபிக்குச் சக்கர கொஞ்சம் ஜாஸ்தியா போடுங்க” என்றேன்.

எழுத்தாளராம்!

வெட்கத்தோடு பாதை ஓரத்தில் போய் உட்கார்ந்து வடையைப் பிரித்தேன். வடை மடித்திருந்த தாளில் ஏதோ பழக்கமான எழுத்து. பார்த்தால் என் கடைத் தாள்! மெஷினில் சாய்ந்து விழுந்து வீணாகிப்போன ஒரு ஜெர்மன்காரரின் விசா விண்ணப்பம். வாரா வாரம் என் கடைக்கு வந்து, ஒரு பக்கம் பாழான தாள்களைக் கட்டாக வாங்கிப் போகும் அம்மாள் ஒருவர் உண்டு. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வருவார், அதிகம் பேசமாட்டார். அவர்தான் இந்த மணியம்மாள். இத்தனை நாள் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை.

அருணகிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “கவனிச்சீங்களா? ஒரு தாளயும் படிக்காம மடிக்க மாட்டாரு. மத்தியானம் கடை காலியா இருக்கும்போது கட்டப் பிரிச்சி வெச்சிக்கினு ஒண்ணொண்ணா படிச்சித்தான் கிழிப்பாரு. அந்தப் பழக்கம் போகல.”

நான் தாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இருவரும் எழுந்து நடந்தோம்.

9

இந்த இடத்தில் கதைக்கு முடிவு வேண்டும். என்னிடம் மூன்று இருந்தன.

முதலாவது: பரசுராமன் தாளைப் படிக்கிறார். பௌர்ணமியன்று அருணகிரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். இவரும் அழுகிறார். மலை மேல் நிலா— (நிலாவா? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: படித்துவிட்டுக் கடையைப் பெயர்த்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறார். அருணகிரி காலி இடத்தின் முன்னால் நிற்கிறார். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மணியம்மாளை அந்த வெயிலில் வாணலியும் அடுப்புமாக ஊர் மாற வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது: படிக்கிறார். ஒன்றுமே சொல்வதில்லை. எப்போதும் போல் காபி கொடுக்கிறார். அவர் படித்தாரா இல்லையா என்பது அருணகிரிக்குச் சாகும்வரை தெரியாமலே—

அருணகிரிக்கு இந்த மூன்றாவதைப் படித்துக் காட்டினேன். “அதுவும் எனக்கு வேண்டியதுதான்” என்றார். “ஆனா அவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல? அது போதும்.”

மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன். நடக்காத ஒன்றுக்கு முடிவெழுத எனக்கு உரிமையில்லை. நாளைக் காலை மணியம்மாள் தாள் வாங்க வருவார். இந்தக் கதையை ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, பகுதிக்கு ஒரு தாளாக, கட்டின் நடுவில் வைத்துக் கட்டப்போகிறேன். வடையோடு ஒரு தாள் யாராவது பக்தர் கையில் போனாலும் பாதகமில்லை. ஒற்றைத் தாளில் யாருக்கும் ஒன்றும் புரியாது. முழுக் கட்டும் ஒருவர் கையில்தான் இருக்கும்.

புத்தகத்தில் இதைப் படிக்கும் உங்களுக்கு என் நன்றி. உங்களிடம் எனக்கு வேறு வேலை இல்லை. அடுத்த பகுதி உங்களுக்கு எழுதியதல்ல, படிப்பதானால் படியுங்கள்.

10

பரசுராமன் அண்ணே, வணக்கம்.

இது உங்கள் பெயர் இல்லை. ஆனால் நான் உங்களைத்தான் கூப்பிடுகிறேன் என்பது மூன்று தாளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். கிணறு, மண்வெட்டிக் காம்பு, தறிக்குப் பக்கத்தில் போட்ட கையெழுத்து. இதை எழுதியவருக்கு இதெல்லாம் யார் சொல்லியிருப்பார் என்பதும் தெரிந்திருக்கும். கோபம் வந்தால் என் மேல் வரட்டும். கடை உங்களுக்குத் தெரியும், ரேணுகா ஜெராக்ஸ். நான் எங்கேயும் ஓடமாட்டேன்.

வருகிற பௌர்ணமிக்கு அவர் வருவார். முழங்கால் வலி ஜாஸ்தியாகிவிட்டது, ஆனாலும் வருவார். நீங்கள் பேசலாம். பேசாமலும் இருக்கலாம். எப்போதும் போல் காபி கொடுத்து அனுப்பலாம், கொடுக்காமலும் அனுப்பலாம். அவரை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அதை அவரும் கேட்கவில்லை. கதையின் முடிவு உங்களுடையது, நான் தொடமாட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் உங்கள் முடிவுக்கு விடமாட்டேன். உங்கள் அம்மா வந்தார். அதை மாற்ற உங்களாலும் முடியாது.

இன்று மத்தியானம் கடைசிப் பிரதியை அருணகிரிக்குப் படித்துக் காட்டினேன். தவறு சொல்லவில்லை. எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி வந்து, “ஒண்ணு வுட்டுப்போச்சு” என்றார். சீட்டைக் கிழித்த பிறகு, உங்கள் அம்மா போகாமல் நின்று, “அவன் உள்ள எந்தப் பக்கம் இருப்பான்?” என்று கேட்டாராம். அப்படிக் கேட்டால் சொல்லக் கூடாது, அதுவும் விதி. இவர் வெளியே வந்து, மதிலுக்கு மேல் தெரிந்த ஒரு வேப்பமரத்தின் உச்சியைக் கை காட்டி, “அதுக்குக் கீழதான் தறிக் கொட்டாய், பகல்ல அங்கதான் இருப்பான்” என்று சொல்லியிருக்கிறார்.

சரியாகத்தான் காட்டினாராம். உங்கள் அம்மா எதிர்ப்பக்கம் மோர்க் கடை ஓரத்தில், அந்த மரத்தைப் பார்த்தபடி, சாயங்காலம் இவர் எண்ணுவதற்கு உள்ளே போன ஐந்தே கால் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.